எண்ணாதே, தூக்கிப் பார்
சாட்சியம் பற்றிய லத்தீன் முதுமொழிகளும் நம் தமிழும்

(நாகர்கோவிலில் சட்ட மாணவர்களும் தமிழ் ஆர்வலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சுசீந்திரம் வந்துவிடும். தாணுமாலயன் கோயிலுக்குப் போகாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். அந்தக் கோயிலில் ஒரு காலத்தில் வழக்குத் தீர்த்த முறையைக் 'கைமுக்கு' என்றார்கள். ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை முக்க வேண்டும். கையைக் கட்டி வைத்து, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, வேகாதிருந்தால் நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், அதாவது 1829-க்கும் 1846-க்கும் இடையில், இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. இந்தக் கோயிலின் வரலாற்றை 1953-இல் விரிவான நூலாகத் தந்தவர் நம் மாவட்டத்தைச் சேர்ந்த பேராசிரியர் கே. கே. பிள்ளை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார்கள், குளத்தில் இறக்கிப் பார்த்தார்கள். 1215-இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருமார்கள் இனி இந்தச் சோதனைகளுக்குச் சடங்கு செய்து தரக்கூடாது என்று தடுத்தது. சில ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அந்த வழக்கம் நின்றுபோனது.

நெய்ச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு என்ன செய்வது? கை பேசிய இடத்தில் இனி வாய் பேச வேண்டும். யார் வாய் பேசுவது, எதைப் பேசுவது, பேசியதில் எதை நம்புவது? சாட்சியச் சட்டம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கும். இவற்றுக்கு ஐரோப்பிய நீதிமன்றங்கள் சேர்த்து வைத்த சுருக்கமான பதில்களைத்தான் லத்தீன் முதுமொழிகள் என்கிறோம். சில பழைய ரோமானியச் சட்டத்திலிருந்து வந்தவை. பல, பிற்காலத்து நீதிபதிகளும் சட்ட அறிஞர்களும் லத்தீனில் எழுதியவை. அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது, சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

லத்தீன் நமக்கு முற்றிலும் அந்நிய ஓசையும் அல்ல. நம் கடற்கரைக் கிராமங்களில் 1960-கள் வரை கத்தோலிக்கப் பூசை லத்தீனில்தான் நடந்தது. பொருள் தெரியாமலே அந்த மொழியில் பதில் சொல்லி மண்டியிட்ட தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. வழிபாட்டில் பொருள் தெரியாவிட்டாலும் பக்தி துணைக்கு வரும். நீதிமன்றத்தில் பொருள் தெரியாவிட்டால் துணைக்கு எதுவும் வராது.

ஆங்கிலமும் காத்திருந்த மொழிதான்

'இதெல்லாம் தமிழில் சொல்ல வராது சார்' என்று என்னிடம் சொல்கிற இளைஞர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை நினைவுபடுத்துவேன். 1362-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது: மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, ஆகவே வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கட்டும், பதிவு மட்டும் லத்தீனில் இருக்கட்டும். அந்தப் பதிவேடும் ஆங்கிலத்துக்கு வந்தது 1733-இல். இடையில் ஓடியவை 371 ஆண்டுகள். அவ்வளவு காலமும், சட்டத்தின் நுட்பத்தைத் தாங்க ஆங்கிலத்துக்கு வலுவில்லை என்று நம்பிய வக்கீல்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். 1845-இல் ஹெர்பர்ட் புரூம் லத்தீன் முதுமொழிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் விளக்கி நூல் வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக வக்கீல்கள் அதைப் படித்தார்கள்.

பிறகு ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வந்தார். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர். மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். முதுமொழிகளை அவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. அவை செய்கிற வேலையை எடுத்துப் பிரிவுகளாக எழுதினார். 'ரெஸ் கெஸ்தே' என்று ஆண்டாண்டாக வக்கீல்கள் உச்சரித்த குழப்பமான தொடர் ஆறாவது பிரிவில் இல்லை. ஒரே நடவடிக்கையின் பகுதியாக அமைந்த செயல்கள் என்ற பொருளில் அதைச் சாதாரண ஆங்கிலத்தில் விரித்துவிட்டார். 'அலிபி' என்றால் லத்தீனில் 'வேறிடத்தில்' என்று பொருள். பதினோராவது பிரிவில் அந்தச் சொல்லும் இல்லை. கல்கத்தாவில் குற்றம் நடந்த அன்று அவன் லாகூரில் இருந்தான் என்று ஓர் எடுத்துக்காட்டு போட்டார், அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தில் அந்த ஊர்கள் சென்னை, லடாக் என்று மாறியிருக்கின்றன. ஊர் மாறினாலும் எடுத்துக்காட்டு தன் வேலையைச் செய்கிறது. லத்தீனே தெரியாத ஒருவருக்கும் அலிபி புரிந்துவிடுகிறது.

'தூக்கிவிடுவது' எது?

இனி நேராக ஒரு முதுமொழியை எடுத்துக்கொள்வோம். 'ஃப்ருஸ்த்ரா ப்ரோபாதுர் க்வோத் ப்ரோபாதும் நோன் ரெலேவாத்.' இந்தத் தொடரின் கடைசிச் சொல்லில்தான் ஆங்கிலத்தின் 'ரெலவன்ட்' ஒளிந்திருக்கிறது. நம் சட்டநூல்கள் அதைத் 'தொடர்புடைய' என்று எழுதுகின்றன. வழக்கெழு பொருண்மை, தொடர்புடைய பொருண்மை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறீர்கள். அதன்படி பெயர்த்தால், 'நிரூபித்தாலும் தொடர்பில்லாததை நிரூபிப்பது வீண்' என்று வரும். தவறில்லை. ஆனால் உயிரில்லை.

லத்தீனில் 'ரெலேவாரே' என்றால் தூக்குவது, பாரத்தைக் குறைத்து உதவுவது. ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் வழியாக அந்தச் சொல் ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்தது. விழுந்தவனுக்குக் கைகொடுத்து எழுப்புவதை நாம் 'கைதூக்கி விடுவது' என்கிறோமே, அதே படிமம், அதே பொருள். ஆகவே நான் இப்படிப் பெயர்ப்பேன்: 'நிரூபித்துக் காட்டினாலும் வழக்கைத் தூக்கிவிடாததை நிரூபிப்பது வீண்வேலை.' 'தொடர்பு' என்றால் எதற்கும் எதனோடும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்யும். 'தூக்கிவிடுமா?' என்று கேட்டால் வக்கீல் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். மருமக்கள்வழி இருந்த நாஞ்சில் நாட்டையே பாருங்கள். குடும்பத் தலைவரான காரணவர் இறந்துபோகிறார். அவருடைய மகன் நீதிமன்றத்துக்கு வருகிறான். தான் மகன் என்பதற்கு ஊரே சாட்சி, கல்யாணத்துக்குச் சாட்சி, பிறப்புக்குச் சாட்சி. எல்லாம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. ஆனால் குடும்பச் சொத்து அன்றைய வழக்கப்படி சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மகன் என்ற உண்மை 'உகந்துடைமை' என்ற சிறு பங்குக்குத்தான் உதவும். குடும்பச் சொத்துக்கான வழக்கில் அது அவனைத் தூக்கிவிடாது. அந்த முறையில் தாயும் பிள்ளைகளும் பட்ட பாட்டையும், வழக்கு நடத்தியே நொடித்துப்போன வீடுகளையும் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் அங்கதச் சுவையோடு பாடினார். கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1925-26-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அதே மகன், அதே சாட்சிகள், அதே உண்மை. சட்டம் மாறியதும் அந்த உண்மைக்குத் தூக்கிவிடும் வலு வந்தது. ஓர் உண்மை மெய்யா பொய்யா என்பது ஒரு கேள்வி. இந்த வழக்கில் அது உதவுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் சாட்சியச் சட்டத்தின் முதல் பாடம். நம் பாட்டன்மார் அதைத் தங்கள் வாழ்க்கையில் விலைகொடுத்துக் கற்றார்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிது. தென்னந்தோப்பு எல்லைத் தகராறு. எதிர்த்தரப்புச் சாட்சியாக ஒரு பாட்டி கூண்டில் நின்றார்கள். எல்லை எது என்ற கேள்விக்கு அவர்கள் தம் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நான் எழுந்து, வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று ஆட்சேபித்தேன். பாட்டியிடம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி கறாராகச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்து, "மக்களே, அந்தத் தென்னம்பிள்ளைய வச்ச கதையச் சொல்லாம, மரம் ஆருக்க மரம்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார்கள். அந்த வாக்கியம் பதிவாகவில்லை. பாட்டி தலைகுனிந்து ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அன்று நான் ஜெயித்ததாக நினைத்தேன். இதைப் பிறகு முடிக்கிறேன்.

எண்ணுவதும் தூக்குவதும்

இரண்டாவது முதுமொழி: 'தெஸ்தேஸ் பொந்தெராந்துர், நோன் நுமெராந்துர்.' சாட்சிகள் எடை பார்க்கப்படுகிறார்கள், எண்ணப்படுவதில்லை. இதற்குத் தமிழ் தயாராகவே காத்திருக்கிறது. சீர்தூக்கிப் பார் என்கிறோம். தூக்கு என்றால் உயர்த்து, தூக்கு என்றால் நிறு. லத்தீனில் இரண்டு வெவ்வேறு வினைகளாக இருந்தவை தமிழில் ஒரே வினையில் கூடிவிட்டன. 'சாட்சிகளை எண்ணாதே, தூக்கிப் பார்' என்றால் போதும், பொழிப்புரை தேவையில்லை.

எந்த உண்மையை நிரூபிக்கவும் இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு கிடையாது என்று பழைய சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொன்னது. புதிய சட்டத்தில் அது 139. இதைத் தெளிவாக்கிய தீர்ப்பு நம் பழைய சென்னை மாநிலத்தின் வழக்கொன்றில் வந்தது: வடிவேலுத் தேவர் எதிர் சென்னை அரசு, 1957. கொலை வழக்கு. அரசுத் தரப்பு ஒரே ஒரு பெண்ணின் சாட்சியத்தை நம்பி நின்றது. நீதிபதி பி. பி. சின்ஹா எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் துணைச்சாட்சி தேடும் வேலை இல்லை. மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரம் தேட வேண்டும். அந்தப் பெண் முதல் வகை என்று நீதிமன்றம் முடிவு செய்து மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அது மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கு. தமிழில் 'தூக்கு' என்பதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் இருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது. எடை பார்க்கிற கையில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லே நமக்குச் சொல்லித்தருகிறது.

பழமொழி விரிக்கும் வலை

இனி ஆபத்தான இடத்துக்கு வருவோம். 'ஃபால்சுஸ் இன் ஊனோ, ஃபால்சுஸ் இன் ஓம்னிபுஸ்.' ஒன்றில் பொய்யன், அனைத்திலும் பொய்யன். இதைப் பெயர்க்க உட்காரும் தமிழருக்கு உடனே நாவில் வருவது, 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்'. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! அதனால்தான் பயப்படுகிறேன்.

பானைச் சோறு ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் மற்றது தெரியும். மனிதர் வாயிலிருந்து வரும் சாட்சியம் அப்படி ஒரே சீராக வேகாது. நடந்த அடிதடியை உண்மையாகச் சொல்கிறவர், தன் அண்ணன் அங்கே இல்லை என்று பொய் சொல்லலாம். பயத்தில் நேரத்தை மாற்றிச் சொல்லலாம். பகையில் இருவரோடு மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்காக அடிதடியே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இந்த முதுமொழி இந்தியாவில் சட்டவிதியாகப் பொதுவாக ஏற்கப்படவில்லை, எச்சரிக்கைக்கு உதவும் வழிகாட்டி மட்டுமே என்று நிசார் அலி எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் 1957-தான். பின்வந்த தீர்ப்புகள் நெல்லையும் பதரையும் பிரித்தெடுப்பதே நீதிமன்றத்தின் கடமை என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களத்தில் பதர் கிடக்கிறது என்று யாரும் பொலியைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. காற்று பார்த்துத் தூற்றுகிறோம். ஆகவே இந்த முதுமொழிக்கு நம் சமையற்கட்டு தருகிற பழமொழி பொய்த்துணை. நம் களத்துமேடு தருவதுதான் மெய்த்துணை. அழகாகப் பொருந்துகிற பழமொழி, கூண்டில் நிற்பவரின் பேச்சு முழுவதையும் தள்ளிவிடும் வலிமை உடையது. மொழிபெயர்ப்பாளர் அதைக் கையில் எடுக்கும் முன் அந்தச் சட்டம் நம் நாட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே எச்சரிக்கை மரண வாக்குமூலத்துக்கும் வேண்டும். 'நேமோ மோரிதூருஸ் ப்ரேசூமிதுர் மென்தீரே.' சாகப்போகிறவர் பொய் சொல்வார் என்று அனுமானிப்பதில்லை. மேடைகளில் இது 'சாகிறவன் பொய் சொல்ல மாட்டான்' என்று ஆகிவிடுகிறது. அனுமானம் என்ற சொல் உதிர்ந்ததும், ஐயத்துக்கு இடம் வைத்திருந்த வாக்கியம் ஐயமற்ற தீர்ப்பாகிவிட்டது. இன்னொரு நுட்பமும் உண்டு. 'மோரிதூருஸ்' என்றால் சாகப்போகிறவர். சாவு நெருங்கிவிட்டது என்று சொன்னவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் விதி. நம் சட்டம் ஆரம்பத்திலிருந்தே அதைக் கேட்கவில்லை. சொன்னபோது சாவை எதிர்பார்த்தாரா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. அவர் சொன்னது அவருடைய மரணத்தின் காரணத்தையோ, மரணத்தில் முடிந்த நிகழ்வின் சூழலையோ பற்றியதாக இருந்தால் போதும். லத்தீனை மிகச் சரியாகப் பெயர்த்து, அதன் மூலம் இந்தியச் சட்டத்தைத் தப்பாகச் சொல்லிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் வீட்டுச் சொற்கள்

'எவிடென்ஸ்' என்ற சொல்லே ஒரு மொழிபெயர்ப்பில் பிறந்தது. கிரேக்கர் 'எனார்கெயா' என்றதை ரோமானியர் சிசெரோ லத்தீனில் 'எவிதென்தியா' என்று ஆக்கினார். கண்ணுக்கு முன்னால் துலங்கி நிற்பது என்று பொருள். மலையாளத்தில் சாட்சியத்துக்குத் 'தெளிவு' என்பார்கள். குழித்துறை, விளவங்கோடு பக்கத்துக்காரர்களின் காதுக்கு அது பழகிய சொல். சிசெரோ தேடிய பொருள் முழுவதும் அதில் இருக்கிறது. அங்கே 'ஆதாரம்' என்றால் பத்திரம். நமக்கோ சான்று எதுவானாலும் ஆதாரம். 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது நிலத்தோடு இந்த இரட்டைச் சொல்வளமும் வந்தது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். இரண்டு மொழிகளின் நடுவே நின்று சொல்லை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது.

இன்னும் பின்னே போனால், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் காட்டும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு இருக்கிறது. முதியவர் ஒருவர் சுந்தரரைத் தன் அடிமை என்கிறார். அவை, சொன்னவர் மேலேயே நிரூபிக்கும் சுமையை வைக்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது. முதியவர் காட்டிச் சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. கையெழுத்தை வேறொரு பழைய ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 'சொல்கிறவருக்கே சுமை, மறுக்கிறவருக்கு அல்ல' என்று ரோமானியச் சட்ட அறிஞர் பௌலுஸ் சொன்னதும், மூலம், நகல், கையெழுத்து ஒப்பீடு என்று ஸ்டீபன் பிரிவு பிரிவாக எழுதியதும் அந்த ஒரே அவையில் நடந்துமுடிகின்றன. தமிழுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல.

உழைப்பும் புதிதல்ல. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாவலாசிரியராக அறிவோம். அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து முன்சீப் ஆனவர். 1805 முதல் 1861 வரையான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தந்தவர். தமிழ் உரைநடையே தவழ்ந்துகொண்டிருந்த நாளில் அவருக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

முடிந்தாக வேண்டும். ஏனென்றால் இன்றும் நம் மாவட்டத்துச் சாட்சி கூண்டில் தமிழில் பேசுகிறார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு ஆங்கிலமாகி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறது. தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், பெயர் தெரியாத ஒருவர், அந்த மனிதரின் வீட்டையோ நிலத்தையோ விடுதலையையோ தன் பேனாவில் சுமக்கிறார்.

அதனால் சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு முதுமொழியைத் தமிழாக்கியதும் மூன்று முறை சோதியுங்கள். அது செய்கிற வேலையைத் தமிழிலும் செய்கிறதா? நம் நாட்டுச் சட்டம் அதை அப்படியே ஏற்கிறதா? கூண்டில் நிற்கிறவரிடம் சொன்னால் புரியுமா? மூன்றாவது சோதனையில் தோற்றால், முதல் இரண்டில் வென்றதால் பயன் குறைவு.

இப்போது அந்தப் பாட்டிக்கு வருகிறேன். பல ஆண்டு கழித்து, பழைய சாட்சியச் சட்டத்தின் பதின்மூன்றாவது பிரிவை வேறொரு வழக்குக்காகப் படித்தேன். ஓர் உரிமை இருக்கிறதா என்ற கேள்வி எழும்போது, அந்த உரிமையை ஒருவர் கொண்டாடிய, கையாண்ட நிகழ்ச்சிகள் எல்லாம் தொடர்புடையவை என்றது அந்தப் பிரிவு. கல்யாணமாகி வந்த வருடம், அந்த மண்ணில் குழி தோண்டித் தென்னம்பிள்ளை வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியது உரிமையைக் கையாண்டது இல்லையா? சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டிய சாட்சியத்தை என் ஆட்சேபம் தடுத்துவிட்டது.

அதைவிட என்னை உறுத்துவது அவர்கள் வாக்கியம். ஒன்றைச் சொல்லாமல் மற்றொன்றைச் சொல்ல முடியாது என்றால், அந்த ஒன்று வழக்குக்கு உரியது. லத்தீனிலிருந்து ஸ்காட்லாந்து வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழுக்கு வந்த அந்தச் சொல்லுக்கு நான் அகராதிகளில் தேடிய விளக்கத்தைப் பாட்டி கூண்டில் நின்றபடி நாஞ்சில் தமிழில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். எனக்கு அன்று கேட்கத் தெரியவில்லை. உங்களுக்குக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.